மனைவி கொலை வழக்கில் அப்பீல்: மதுரைக் கிளையில் எதைப் படிக்கிறார்கள்?

பாளையங்கோட்டை கோர்ட்டில் கொலை வழக்குத் தீர்ப்பு வந்த அன்று, வெளியே டீக்கடையில் இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்களும் ஒரே மாதிரிதான் பேசிக்கொள்வார்கள். “மதுரையில அப்பீல் போட்டா எல்லாத்தையும் மொதல்ல இருந்து விசாரிப்பாவ.” தண்டனை வாங்கியவர் வீட்டுக்கு அது நம்பிக்கை. மகளை இழந்த வீட்டுக்கு அது பயம்.

மதுரையில், அதாவது சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில், யாரையும் திரும்ப விசாரிப்பதில்லை. சாட்சிகள் மறுபடி கூண்டில் ஏறுவதில்லை. கீழ்க் கோர்ட்டில் பதிவான சாட்சியம், குறியீடு செய்யப்பட்ட ஆவணங்கள், தீர்ப்பு ஆகியவற்றை எழுத்துக்கு எழுத்து படித்து, அவற்றிலிருந்து அந்த முடிவுக்கு வர முடியுமா என்று பார்க்கிறார்கள். புதிதாகச் சாட்சியம் சேர்க்கச் சட்டத்தில் ஒரு வழி உண்டு. அது அபூர்வமாகத்தான் திறக்கும். ஆகவே அப்பீலின் பலம் மதுரையில் உருவாவதில்லை. சம்பவம் நடந்த முதல் இரண்டு மூன்று நாளில் யார் எதை எந்த மணிக்கு எழுதினார் என்பதில் அது ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது.

விளக்குவதற்கு வசதியாக ஒரு கற்பனை வழக்கை எடுத்துக்கொள்வோம். முக்கூடல் பக்கத்து ஊர். பீடி சுற்றும் பெண். கல்யாணமாகி ஆறாவது வருஷம், ஒரு பிள்ளை. லோடு ஆட்டோ வாங்க அப்பா வீட்டில் பணம் வாங்கி வா என்று கணவன் நச்சரிக்கிறான். மாமியார் பொங்கப்படி (பொங்கலுக்குப் பெண் வீட்டார் கொடுக்கிற சீர்) குறைந்ததைச் சொல்லிக் காட்டுகிறாள். ஒருமுறை அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் மனு கொடுத்து, சமரசம் பேசி அனுப்பிவிட்டார்கள். ஒருநாள் விடியற்காலையில் கணவன் மாமனாருக்குப் போன் போட்டு, “தூக்கு மாட்டிக்கிட்டா” என்கிறான். பிரேதப் பரிசோதனை அறிக்கையோ கழுத்து நெரிக்கப்பட்டது என்கிறது. திருநெல்வேலி மகளிர் நீதிமன்றம் கணவனுக்குக் கொலைக்காக ஆயுள் தண்டனையும் கொடுமைக்காக 3 ஆண்டும், மாமியாருக்குக் கொடுமைக்காக 3 ஆண்டும் கொடுக்கிறது. இப்போது அப்பீல்.

ஒரு வீடு, இரண்டு குற்றம்

முதலில் பிடிபட வேண்டியது இதுதான். கொடுமை வேறு குற்றம், கொலை வேறு குற்றம். ஒரே குற்றப்பத்திரிகையில் வந்தாலும் ஒவ்வொன்றையும் தனித்தனியாக நிரூபிக்க வேண்டும்.

கொடுமை என்பது பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 498ஏ. 1983-ல் சேர்க்கப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் நடந்த சம்பவங்களுக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86 பிரிவுகள். அதற்கு முந்தைய சம்பவம் என்றால் பழைய பிரிவுதான். அதனால் இன்னும் பல வருஷத்துக்கு அப்பீல் காகிதக் கட்டுகளில் இரண்டு எண்களும் கலந்தே வரும். அதிகபட்ச தண்டனை 3 ஆண்டு. இதில் இரண்டு வகை கொடுமை. தற்கொலைக்கோ, உடலுக்கும் மனத்துக்கும் கடுமையான கேட்டுக்கோ தள்ளக்கூடிய வேண்டுமென்றே செய்த நடத்தை ஒன்று. சட்டத்துக்குப் புறம்பாகப் பணமோ சொத்தோ கேட்டுத் தொந்தரவு செய்வது இன்னொன்று. முதல் வகைக்கு வரதட்சணை தேவையே இல்லை. குடித்துவிட்டு வந்து தினமும் அடித்தாலும் 498ஏ தான். இதை நம் ஊரில் பலர் தெரிந்துகொள்ளாமல், புகாரில் ஒப்புக்கு ஒரு வரதட்சணை வரியைச் சேர்த்துவிடுகிறார்கள். குறுக்கு விசாரணையில் அந்த ஒப்புக்குச் சேர்த்த வரி உடையும்போது பக்கத்தில் இருக்கிற உண்மையும் சேர்ந்து சாய்கிறது.

கொலை என்பது பழைய 302, புதிய 103. ஆயுள் அல்லது மரண தண்டனை. இதற்கு நடுவில் இன்னும் இரண்டு பிரிவுகள். வரதட்சணை மரணம் பழைய 304பி, புதிய 80. 1986-ல் வந்தது, மத்தியச் சட்டப்படி குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். தற்கொலைக்குத் தூண்டுதல் பழைய 306, புதிய 108. அதிகபட்சம் 10 ஆண்டு.

304பி-க்கு நாலு விஷயம் வேண்டும். கல்யாணமாகி 7 வருஷத்துக்குள் சாவு. தீக்காயம், உடல் காயம் அல்லது இயல்புக்கு மாறான சாவு. கணவனோ அவன் உறவினரோ செய்த கொடுமை. அந்தக் கொடுமை வரதட்சணை கேட்டு, சாவுக்குச் சற்று முன்பு நடந்திருக்க வேண்டும். ‘சற்று முன்பு’ என்பது நேற்று ராத்திரி என்று அர்த்தமில்லை. கொடுமைக்கும் சாவுக்கும் நடுவே அறுபடாத உயிருள்ள தொடர்பு இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021-ல் விளக்கியது. இந்த நாலும் வந்துவிட்டால் எதிரிதான் சாவுக்குக் காரணம் என்று கோர்ட் அனுமானித்தே ஆக வேண்டும். (நம் கோர்ட் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவர்தான் ‘எதிரி’. பகையாளி என்று நினைத்துவிட வேண்டாம்.) தூக்கில் தொங்கிய தற்கொலைகூட 304பி-க்குள் வரும்.

இங்கேதான் நிறைய வழக்குகள் அப்பீலில் சறுக்குகின்றன. கீழ்க் கோர்ட்டில் 302 மட்டும் குற்றச்சாட்டாக வனைந்து, மாற்றாக 304பி-யை வைக்காமல் விட்டுவிட்டால், கொலை நிரூபணமாகவில்லை என்றதும் மேல் கோர்ட் நேராக 304பி-க்கு இறங்கித் தண்டிக்க முடியாது. 304பி-யில் அனுமானம் எதிரிக்கு எதிராகப் போகிறது. அதை முறியடிக்க அவனுக்கு வாய்ப்பே கொடுக்கவில்லையே என்று 2001-ல் ஒரு கர்நாடக வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. விசாரணை தொடங்குகிற நாளில் ஒரு வரி சேர்ப்பதா வேண்டாமா என்கிற முடிவு, பல வருஷம் கழித்து மதுரையில் கணக்குக்கு வரும்.

பொங்கப்படி வரதட்சணையா? வழக்கப்படி கொடுக்கிற சீர், பிள்ளை பிறந்ததற்குப் போடுகிற நகை ஆகியவற்றை 2001-ல் உச்ச நீதிமன்றம் வரதட்சணைக் கணக்கிலிருந்து விலக்கியது. வீடு கட்டப் பணம் கேட்டதை 2022-ல் வரதட்சணை என்றது. நம் கற்பனை வழக்கில் லோடு ஆட்டோவுக்குக் கேட்ட பணம் 304பி-யைத் தாங்கும். பொங்கப்படி பற்றிய ஏச்சு தனியாக நின்றால் தாங்குவது கஷ்டம். ஆனால் அதே ஏச்சு, அளவைப் பொறுத்து, 498ஏ-யின் முதல் வகைக்குள் வரலாம்.

‘கொடுமைப்படுத்தினார்’ என்ற சொல்

சாட்சி சொல்கிற அம்மா நெல்லைத் தமிழில் பேசுவார். “புரட்டாசில தலமுடியப் புடிச்சு இழுத்து வாசல்ல தள்ளுனாம், அம்பதாயிரம் வாங்கிட்டு வாட்டின்னு ஏசுனாம்.” பதிவாகும்போது அது பல சமயம், “வரதட்சணை கேட்டு அடிக்கடி கொடுமைப்படுத்தினார்” என்று ஆகிவிடும். அம்மா சொன்னதில் மாதம் இருந்தது, செயல் இருந்தது, தொகை இருந்தது. பதிவானதில் மூன்றும் இல்லை. மதுரைக்குப் போகும்போது அது ஆங்கிலத்தில் இன்னொரு முறை உருகும். அப்புறம் எதிர்த்தரப்பு வக்கீல், “பொத்தாம் பொதுவான குற்றச்சாட்டு” என்று ஒரே வரியில் அடித்துவிடுவார். மாமியார், நாத்தனார், கொழுந்தன் மீதான தண்டனைகள் அப்பீலில் பெரும்பாலும் உடைவது இந்த வரியில்தான்.

மொழிபெயர்ப்பில் இன்னொரு பொறி. “அடிச்சுப் போட்டுட்டாம்” என்றால் அடித்துக் கீழே தள்ளியதும் ஆகலாம், கொன்றதும் ஆகலாம். சந்தேகம் வந்தால் தமிழ் மூலத்தைப் பார்க்கும்படி அமர்விடம் கேட்பது வக்கீலின் வேலை. ஆங்கிலத் தட்டச்சுத் தொகுப்பை மட்டும் நம்புகிற வக்கீல் அதைத் தவறவிடுவார்.

செத்துப்போன மகள் போனில் சொன்னதை அம்மா கோர்ட்டில் சொல்லலாமா? பொதுவாக ஒருவர் சொல்லக் கேட்டதைச் சாட்சியமாக எடுப்பதில்லை. ஆனால் இறந்தவர் தன் சாவுக்கு இட்டுச்சென்ற சூழ்நிலையைப் பற்றிச் சொன்னதை எடுக்கலாம். சாவுக் குற்றம் நிரூபணமாகாமல் 498ஏ மட்டும் மிஞ்சினால் அந்தப் பேச்சைப் பயன்படுத்தக் கூடாது என்று ஒரு காலத்தில் சில தீர்ப்புகள் இருந்தன. 2022-ல் உச்ச நீதிமன்ற மூவர் அமர்வு அதை மாற்றியது. அந்த வழக்கு விசாரணையில் சாவின் காரணம் கேள்விக்கு வந்திருந்தால், கொடுமையை நிரூபிக்கவும் இறந்தவரின் பேச்சை எடுக்கலாம். பழைய தீர்ப்பை இன்னும் கையில் வைத்துக்கொண்டு வாதாடுகிறவர்கள் உண்டு.

கோர்ட்டில் சொன்னது போலீஸ் விசாரணையில் சொன்னதோடு ஒத்துப்போகிறதா என்பதும் முக்கியம். போலீஸ் எழுதிக்கொண்ட வாக்குமூலம் சாட்சியம் ஆகாது. சாட்சி மாற்றிப் பேசினால் முரணைக் காட்டமட்டும் பயன்படும். ஐம்பதாயிரம் கேட்ட கதை முதல் முறையாகக் கூண்டில்தான் வருகிறது என்றால், அதை ‘மெருகேற்றல்’ என்பார்கள். ஆனால் அந்த விடுபாட்டைச் சாட்சியிடம் கேட்டு, பிறகு புலனாய்வு அதிகாரியிடமும் கேட்டுப் பதிவு செய்திருக்க வேண்டும். கேட்காமல் விட்டதை அப்பீலில் புதிதாகக் கிளப்ப முடியாது.

முதல் மூன்று நாளின் காகிதங்கள்

அப்பீல் வக்கீல் கட்டைப் பிரித்ததும் முதலில் பார்ப்பது மணிகளைத்தான். தகவல் எப்போது ஸ்டேஷனுக்கு வந்தது, முதல் தகவல் அறிக்கை எப்போது பதிவானது, உடனே கோர்ட்டுக்கு அனுப்ப வேண்டிய அதன் பிரதி, அதாவது எக்ஸ்பிரஸ் எஃப்.ஐ.ஆர்., மாஜிஸ்திரேட் கைக்கு எப்போது போனது. மாஜிஸ்திரேட் அதில் தேதியும் நேரமும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பார். காலை 8 மணிக்குப் பதிவானதாகச் சொல்லும் அறிக்கை மறுநாள் மாலைதான் கோர்ட்டுக்குப் போயிருந்தால், நடுவில் உட்கார்ந்து யோசித்து எழுதினார்கள் என்ற வாதத்துக்குக் கதவு திறக்கிறது. தாமதம் மட்டும் வழக்கைக் கொல்லாது. தாமதத்துக்கு விளக்கம் இல்லாவிட்டால்தான் கொல்லும்.

நம் வழக்கு முதலில் ‘சந்தேக மரணம்’ என்றே பதிவாகியிருக்கும். கல்யாணமாகி 7 வருஷத்துக்குள் நடந்த சாவு என்பதால் நிர்வாக மாஜிஸ்திரேட் விசாரணை உண்டு; முக்கூடல் பக்கம் என்றால் சேரன்மகாதேவி சப் கலெக்டர். ஹைகிரவுண்டில் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பிரேதப் பரிசோதனை. அறிக்கை வந்த பிறகு பிரிவை மாற்றி 302 ஆக்கிய அறிக்கை கோர்ட்டுக்குப் போகும். சப் கலெக்டரிடம் அன்று அப்பா என்ன சொன்னார்? “எங்களுக்குச் சந்தேகம் எதுவும் இல்லை” என்று துக்கத்தில் ஒரு வரி சொல்லியிருந்தால், எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் தேடும். பெண் வீட்டார் சவ அடக்க அவசரத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிற காகிதம் இது. படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போடலாம். அது அவர்கள் உரிமை.

தூக்கா, நெரிப்பா? தூக்கில் கயிற்றுத் தடம் பெரும்பாலும் குரல்வளைக்கு மேலே, சாய்வாக, முடிச்சுப் பக்கம் விட்டுப்போய் இருக்கும். கயிற்றால் இறுக்கிக் கொன்றால் தடம் கீழே, கிடையாக, கழுத்தைச் சுற்றி முழுவதும் ஓடும். கையால் நெரித்தால் விரல், நகத் தடங்களும் கழுத்துத் தசைக்குள் இரத்தக் கட்டும் தெரியும். நாவடி எலும்பு உடைந்திருந்தால் நெரிப்புக்குப் பலம். ஆனால் வயது குறைந்தவர்களுக்கு அந்த எலும்பு வளைந்துகொடுக்கும், நெரித்தும் உடையாமல் இருக்கலாம். ஆகவே ‘எலும்பு உடையவில்லை, அதனால் கொலை இல்லை’ என்ற வாதம் அரைகுறை. டாக்டரிடம் குறுக்கு விசாரணையில் கேட்கிற ஒரு கேள்விதான் உண்மையில் ஆபத்து: “தூக்கிலும் இப்படி வரலாமா?” “வரலாம்” என்று ஒற்றைச் சொல்லில் பதில் பதிவாகி, அரசுத் தரப்பு மறு விசாரணையில் அதைத் தெளிவுபடுத்தாமல் விட்டால், அப்பீலில் வக்கீல் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் விரிப்பார்.

அரளி விதை, பூச்சிமருந்து மாதிரியான விஷச் சாவில் உள்ளுறுப்பு மாதிரிகள் தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போயிருக்க வேண்டும். சீல் கலையாமல் போய்ச் சேர்ந்ததற்குச் சங்கிலித் தொடர்போல் ஆள் ஆளாகச் சாட்சி வேண்டும். தீக்காயச் சாவில் மரண வாக்குமூலம் வரும். டாக்டரின் சான்று இல்லையென்றாலும், பேசுகிற நிலையில் இருந்தார் என்று பதிவு செய்தவரின் சாட்சியத்தை நம்ப முடிந்தால் போதும் என்பது 2002-ல் வந்த அரசியல் சாசன அமர்வின் நிலைப்பாடு. சிக்கல் வருவது வாக்குமூலம் இரண்டு மூன்றாக இருக்கும்போது. முதலில் ‘ஸ்டவ் வெடித்தது’, பிறகு ‘அவர்தான் ஊற்றினார்’. முதலாவதைச் சொன்னபோது பக்கத்தில் யார் நின்றார்கள் என்பதைப் பதிவிலிருந்து காட்ட முடிகிறவர் ஜெயிப்பார்.

தமிழ்நாட்டுக் கொலை வழக்குகளுக்கே உரிய ஒரு சாட்சி, வி.ஏ.ஓ. ‘எதிரி தானாக வந்து என்னிடம் ஒப்புக்கொண்டார்’ என்று கிராம நிர்வாக அலுவலர் சொல்வார். சட்டப்படி அதை எடுக்கத் தடையில்லை. ஆனால் முன்பின் பழக்கமில்லாத வி.ஏ.ஓ.விடம் போய் ஒருவன் ஏன் பாவமன்னிப்புக் கேட்க வேண்டும் என்ற கேள்விக்குக் கட்டில் பதில் இல்லாவிட்டால் மேல் கோர்ட் அதை ஓரமாக வைத்துவிடும். வேறு சாட்சியத்துக்குத் துணையாக நிற்கும்; தனியாகக் கூரையைத் தாங்காது.

நாலு சுவருக்குள் நடந்தது

வீட்டுக்குள் ராத்திரி நடந்த கொலைக்கு நேரில் பார்த்த சாட்சி கிடைப்பதில்லை. எல்லாம் சூழ்நிலைச் சாட்சியம். அதற்கு அளவுகோல் 1984-ல் வந்த சரத் பிர்திசந்த் சார்தா தீர்ப்பு. புனேயில் கல்யாணமாகி நாலே மாதத்தில் சயனைடு விஷத்தால் இறந்த பெண். கணவனுக்குக் கீழே மரண தண்டனை. உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. ஒவ்வொரு கண்ணியும் ஐயமற நிரூபணமாக வேண்டும், எல்லாக் கண்ணியும் சேர்ந்து குற்றம் ஒன்றை மட்டுமே காட்ட வேண்டும், வேறு விளக்கத்துக்கு இடம் இருக்கக் கூடாது என்பதே அதன் சாரம். ‘செய்திருக்கலாம்’ என்பதற்கும் ‘செய்திருக்க வேண்டும்’ என்பதற்கும் உள்ள தூரம் நீண்டது. எதிரி சொன்ன பொய், ஏற்கெனவே முழுமையான சங்கிலிக்குக் கூடுதல் கண்ணி ஆகலாம். அறுந்த இடத்தை ஒட்டப் பயன்படாது.

அப்படியானால் வீட்டுக்குள் கொன்றவன் எல்லாரும் தப்பிவிடுவார்களே? அதற்குத்தான் பழைய சாட்சியச் சட்டத்தின் 106-வது பிரிவு, புதியதில் 109. ஒருவருக்கு மட்டுமே தெரிந்த விஷயத்தை அவரே விளக்க வேண்டும். 2006-ல் திரிமுக் மாரோதி கிர்கன் வழக்கில் கணவன் பாம்பு கடித்தது என்றான். பிரேதப் பரிசோதனை கழுத்து நெரிப்பு என்றது. தண்டனை நின்றது.

இந்தப் பிரிவை ஆரம்பத்திலேயே கையில் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் பலர் மறக்கிற பாதி. அன்று ராத்திரி அவன் அந்த வீட்டில் இருந்தான், வேறு ஆள் நுழைய வழியில்லை, சாவு கொலைதான் என்ற அடிப்படையை அரசுத் தரப்பு முதலில் நிறுவ வேண்டும். 2021-ல் நாகேந்திர சா வழக்கில் கழுத்து அழுத்தப்பட்டதாக அறிக்கை இருந்தும், வீட்டில் மற்றவர்களும் இருந்தார்கள், சங்கிலி முழுமையில்லை என்று விடுதலை வந்தது. 2023-ல் பல்வீர் சிங் வழக்கில் அடிப்படை நிறுவப்பட்டிருந்ததால் கணவனின் கொலைத் தண்டனையும் மாமியாரின் கொடுமைத் தண்டனையும் நின்றன.

நம் வழக்குக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். கணவன் அன்று ராத்திரி வள்ளியூரில் லோடு இறக்கப் போயிருந்ததாகச் சொன்னால், நாங்குநேரி டோல்கேட் பதிவு, போன் டவர் விவரம், வண்டி உரிமையாளர் சாட்சியம் எல்லாம் கட்டில் இருக்கிறதா? பக்கத்து வீட்டுப் பெண் அவனை இரவு பத்து மணிக்குத் திண்ணையில் பார்த்ததாகச் சொன்னாரா, அல்லது கூண்டில் மாற்றிப் பேசிப் பிறழ்சாட்சி ஆகிவிட்டாரா? பிறழ்ந்தாலும் அவர் சொன்ன மொத்தமும் குப்பை இல்லை. வேறு சாட்சியத்தோடு ஒத்துப்போகிற பகுதியை எடுத்துக்கொள்ளலாம். இந்தச் சூழ்நிலைகளை எல்லாம் எதிரியிடம் ஒவ்வொன்றாகக் கேள்வியாக வைத்து விளக்கம் கேட்டார்களா என்றும் பார்க்க வேண்டும். கேட்காத சூழ்நிலையை அவனுக்கு எதிராகப் பயன்படுத்துவது அப்பீலில் எளிதாக அடிபடும். வாதாடுகிறவர்கள் கடைசியில் படிக்கிற பகுதி இது. முதலில் படிக்க வேண்டியது.

அப்பீல் போடுவது எப்படி

செஷன்ஸ் நிலை நீதிமன்றம் தண்டித்தால் அப்பீல் உயர் நீதிமன்றத்துக்கு. திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களுக்கு அது மதுரைக் கிளை. 2004 ஜூலை 24-ல் திறந்தது, ஒத்தக்கடை பக்கம். கொலை இல்லாமல் 498ஏ மட்டும் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நடந்திருந்தால் அப்பீல் மாவட்ட செஷன்ஸ் நீதிமன்றத்துக்கு, 30 நாளுக்குள். உயர் நீதிமன்றத்துக்கு 60 நாள். மரண தண்டனை என்றால் 30 நாள். தீர்ப்பின் சான்றிட்ட நகல் வாங்க ஆன நாட்கள் இந்தக் கணக்கில் வராது. ஆகவே நகல் மனு போட்ட தேதியும் நகல் தயாரான தேதியும் அதன் பின்பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். காலம் தாண்டினால் காரணம் காட்டித் தாமத மன்னிப்பு மனு.

சிறைத் தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பின் நகல் இலவசம். பாளையங்கோட்டை மத்தியச் சிறையில் இருந்தபடியே சிறை அதிகாரி மூலமாக அப்பீல் அனுப்பலாம். வக்கீல் வைக்க வசதியில்லாதவருக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு, தொலைபேசி 15100. பெண்களுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் வருமான வரம்பு பார்ப்பதில்லை.

அப்பீல் மனுவோடு தண்டனை நிறுத்திவைப்பு மனுவும் போகும். ஆயுள் தண்டனைக் குற்றம் என்றால் அரசு வழக்கறிஞருக்கு எழுத்தில் ஆட்சேபம் சொல்ல வாய்ப்புக் கொடுத்த பிறகே ஜாமீன். 3 ஆண்டுக்கு மிகாத தண்டனை பெற்று, விசாரணையின்போது ஜாமீனில் இருந்த மாமியாருக்குக் கீழ்க் கோர்ட்டே அப்பீல் போடும் காலம் வரை ஜாமீன் தரும். தீர்ப்பு நாளில் ஜாமீன்தாரர் இருவரோடு போகாததால் வீணாகச் சிறைக்குப் போகிறவர்கள் உண்டு. இன்னொன்று: நிறுத்திவைப்பில் வெளியே இருந்த காலம் தண்டனையில் கழியாது. அப்பீல் தோற்றால் விட்ட இடத்திலிருந்து தொடரும். விசாரணைக் காலத்தில் உள்ளே இருந்தது கழியும்.

என்ன தீர்ப்பு வரும்? விடுதலை, உறுதி, கீழ்க் கோர்ட்டில் மறு விசாரணை, பிரிவு மாற்றம். மனைவி கொலை அப்பீல்களில் கடைசியில் சொன்னதுதான் அதிகம் வாதிடப்படுவது. திடீர்ச் சண்டை, முன்திட்டமில்லை, ஒரே அடி என்றால் கொலை ஆகாத மரணம் விளைவித்தலுக்கான 304-வது பிரிவின் (304பி வேறு) முதல் பகுதிக்கோ இரண்டாம் பகுதிக்கோ இறக்கக் கேட்பார்கள். ஒரே அடி என்பது மந்திரம் இல்லை. 1958-ல் வீர்சா சிங் வழக்கில் ஒரே ஈட்டிக்குத்து கொலையாகவே நின்றது. அந்தக் காயத்தை ஏற்படுத்த எண்ணினானா, அது இயல்பாகச் சாவை விளைவிக்கப் போதுமானதா என்பதுதான் கேள்வி. அரிவாளை உள்ளே போய் எடுத்து வந்தானா, கையில் கிடந்ததா? கழுத்தை நிமிடக் கணக்கில் இறுக்கியவன் திடீர்க் கோபம் என்று சொல்வது எடுபடாது.

பெண் வீட்டார் வெறும் பார்வையாளர்கள் இல்லை. 2009 டிசம்பர் 31 முதல் பாதிக்கப்பட்டவருக்கும் அவரது சட்டப்படியான வாரிசுக்கும், விடுதலைக்கு எதிராகவும், சின்னப் பிரிவில் தண்டித்ததற்கு எதிராகவும், இழப்பீடு குறைந்ததற்கு எதிராகவும் அப்பீல் உண்டு. இதற்கு முன் அனுமதி வாங்கத் தேவையில்லை என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தண்டனைக் காலம் போதாது என்று மட்டும் சொல்லி அவர்கள் அப்பீல் போட முடியாது. அது அரசின் வேலை. விடுதலைக்கு எதிரான அப்பீலில் மலை ஏற வேண்டியிருக்கும்: நியாயமாக இரண்டு முடிவுக்கு இடமிருந்தால் கீழ்க் கோர்ட்டின் விடுதலையைத் தொட மாட்டார்கள்.

கொல்லப்பட்டவர் கணவன் என்றால்? 498ஏ கணவனையும் அவன் உறவினரையும் மட்டுமே பிடிக்கும். மனைவி மீது கொலைப் பிரிவுதான். அங்கே கணவன் செய்த கொடுமை அவள் தரப்பு வாதமாகத் திரும்பி வருகிறது. கணவன் கொடுமை தாங்காமல் பிள்ளைகளோடு கிணற்றில் குதித்து, தான் மட்டும் பிழைத்த ஒரு பெண்ணின் அப்பீலில் சென்னை உயர் நீதிமன்றம் 1989-ல் ‘நல்லதங்காள்’ கதையின் பெயரையே அந்த மனநிலைக்கு வைத்து, நாள்பட்ட ஆத்திரமூட்டலையும் கணக்கில் எடுத்தது. கணவனைக் கொன்ற வழக்குகளிலும் வக்கீல்கள் இதை நீட்டுகிறார்கள். ஆனால் நாள்பட்ட அடியும் வசவும் விசாரணைக் கோர்ட்டிலேயே பதிவாகியிருக்க வேண்டும். மருத்துவமனை விபத்துப் பதிவேடு, மகளிர் நிலையத்து மனு ரசீது ஏதாவது.

கட்டில் கடைசியாக ஒரு சின்னப் பொட்டலம் இருக்கும். பிரேதத்திலிருந்து எடுத்த தாலிச் செயின், கம்மல், சேலை, சா.பொ. (சான்றுப் பொருள்) எண் ஒட்டியது. அப்பீல் முடிகிற வரை கோர்ட் சொத்துப் பிரிவிலேயே கிடக்கும். வரதட்சணையாகக் கொடுத்ததைப் பொறுத்தவரை, 7 வருஷத்துக்குள் இயற்கைக்கு மாறாக இறந்த பெண்ணுடையது அவள் பிள்ளைகளுக்கு, பிள்ளை இல்லாவிட்டால் பெற்றோருக்கு என்று வரதட்சணைத் தடைச் சட்டத்தின் 6-வது பிரிவு சொல்கிறது. நம் வழக்கில் அந்தப் பிள்ளையின் பெயரில் தாத்தா தனி மனு போட வேண்டும். அப்பீல் முடிந்த கையோடு அதைப் போடுகிறவர்கள் குறைவு.